பிரம்புக்குப் பயந்த நாய்

நாய் வளர்க்கிறவர் வீட்டுக்குப் போனால் காபியோடு ஓர் அறிவுரையும் வரும். "நாய்க்கு ஒரு பயம் இருக்கணும் சார். பயம் விட்டுப்போச்சுன்னா தலைக்கு மேல ஏறிடும்." சொல்கிறவர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரியாக இருப்பார், தென்னந்தோப்புக் காவலுக்கு இரண்டு ராஜபாளையம் வைத்திருக்கும் விவசாயியாக இருப்பார், போன மாதம்தான் லேப்ரடார் குட்டி வாங்கிய ஐடி இளைஞராகவும் இருப்பார். அரசியல், சினிமா, கிரிக்கெட் எதிலும் ஒத்துப்போகாத இந்த மூவரும் இதில் மட்டும் ஒரே கட்சி. கதவிடுக்கில் செருகியிருக்கும் பிரம்பையோ சுருட்டிய செய்தித்தாளையோ காட்டி, "இதைக் கையில எடுத்தாப் போதும், அப்படியே படுத்துக்கும்" என்று பெருமைப்படுவார்கள்.

படுத்துக்கொள்ளத்தான் செய்கிறது. எப்படிப் படுக்கிறது என்று ஒருமுறை தரையில் உட்கார்ந்து பாருங்கள். காதுகள் மண்டையோடு ஒட்டிக் கிடக்கும். வால் பின்னங்கால்களுக்கு நடுவே போயிருக்கும். தலை சுவர்ப் பக்கம் திரும்பியிருக்க, கண் மட்டும் பிரம்பைப் பார்க்கும்; அதனால் விழியோரத்தில் வெள்ளை தெரியும். வாய் இறுக மூடியிருக்கும். நாக்கு சட்டென்று வெளியே வந்து மூக்கை ஒரு நக்கு நக்கிவிட்டு உள்ளே போகும். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடும். தூங்குகிற நாய் ஒருக்களித்துச் சாய்ந்து கால்களை நீட்டிவிடும். இது நான்கு காலையும் உடம்புக்கு அடியில் மடக்கி, எந்த நொடியிலும் எழுந்து ஓடத் தோதாக வைத்திருக்கும்.

இது அமைதி இல்லை. அடுத்த அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்ற கணக்கு. நன்றாக வளர்ந்த நாய் என்று விருந்தாளிக்குக் காட்டப்படும் நாய்களில் பல இந்தக் கணக்கிலேயே காலம் தள்ளுகின்றன. பயம்தான் நாயை அடக்கும், அடங்கிய நாய்தான் நல்ல நாய் என்கிற நம்பிக்கையை வெறும் அறியாமை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அது ஆபத்தானது. கடிக்காத நாயைக் கடிக்கிற நாயாக மாற்றுவதில் அதற்கு நல்ல அனுபவம் உண்டு.

பழைய பிரம்புக்கு இப்போது புதுச் சாயம் பூசியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் 'ஆல்ஃபா'. நாய் ஓநாயின் வாரிசு. ஓநாய்க் கூட்டத்தில் சண்டைபோட்டு ஜெயித்ததுதான் தலைவன். ஆகவே வீட்டில் நீங்கள்தான் தலைவர் என்று காட்டாவிட்டால் நாய் உங்களை ஆளத் தொடங்கிவிடும் என்பது வாதம். இதிலிருந்து விதிகள் வரிசையாகப் பிறக்கும். முதலில் நீங்கள் சாப்பிட வேண்டும், பிறகுதான் நாய். வாசலை முதலில் நீங்கள் தாண்ட வேண்டும். முறைத்தால் முறைக்க வேண்டும். எதிர்த்தால் மல்லாக்கத் தள்ளிக் கழுத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு குட்டி லேப்ரடார் தன்னைக் கவிழ்க்கச் சதி செய்வதாக நினைத்துக்கொண்டு, எண்பது கிலோ மனிதர் ஒருவர் அதற்கு முன்னால் பிஸ்கட் தின்று காட்டுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்க்க வேண்டிய காட்சி.

இந்த ஓநாய்க் கதை எங்கிருந்து வந்தது? ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதிய ஆய்விலிருந்து. ஒன்றோடொன்று உறவில்லாத ஓநாய்களைத் தப்பிக்க வழியில்லாத வளாகத்துக்குள் போட்டால் அடித்துக்கொள்ளும். அடித்துக்கொண்டன. அதுவே ஓநாய்களின் இயல்பு என்று ஆகிவிட்டது. அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட நூல் இந்தக் கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதே மெக் 1986 முதல் கனடாவின் வடகோடியில் இருக்கும் எல்ஸ்மியர் தீவில், கோடைதோறும் காட்டு ஓநாய்களுக்குப் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். அங்கே கண்டது வேறு. கூட்டம் என்பது ஒரு குடும்பம். 'தலைவன்' என்று நாம் சொன்னது அப்பன். 'தலைவி' என்றது ஆத்தாள். மற்றவை அவர்கள் பெற்ற பிள்ளைகள். பதவிக்குச் சண்டை இல்லை. வளர்ந்த பிள்ளை துணை தேடிப் புறப்பட்டுப் போய்த் தனிக்குடித்தனம் வைக்கிறது, அவ்வளவுதான். இதை 1999இல் மெக் கட்டுரையாகவே எழுதினார். தன் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் பல வருஷம் மன்றாடினார். ஒரு கோட்பாட்டைப் பரப்பியவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பிறகும், நம் யூடியூப் குருமார்கள் விடுவதாக இல்லை.

மல்லாக்கத் தள்ளி அழுத்தும் வித்தையின் கதையும் இதேதான். நியூயார்க் மாநிலத்தில் ஜெர்மன் ஷெப்பர்டு வளர்க்கும் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978இல் எழுதிய நாய் வளர்ப்பு நூல் அதைப் பிரபலமாக்கியது. பின்னாளில் வந்த திருத்திய பதிப்பில், இதைச் செய்யாதீர்கள் என்று அந்தத் துறவிகளே எழுதிவிட்டார்கள். 2004இல் தொடங்கி, நாய்ப் பயிற்சியாளர் சீசர் மிலன் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஆல்ஃபா பேச்சை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. இந்த முறைகளை நிபுணரைக் கேட்காமல் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள் என்ற எச்சரிக்கை அந்த நிகழ்ச்சியிலேயே திரையில் ஓடியது. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

சரி, ஓநாயை விடுங்கள். அடித்தால் நாய் நிறுத்துகிறதே, அது கண்கூடு இல்லையா என்று கேட்பார்கள். கண்கூடுதான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. நாய் செருப்பைக் கடிக்கிறது, ஓங்கி ஒன்று வைக்கிறீர்கள், அந்த நொடியே செருப்பு கீழே விழுகிறது. உங்களுக்குக் கைமேல் பலன். மறுநாளும் கை ஓங்குகிறது, மறுநாளும் பலன். ஒரு வாரத்தில் பழக்கப்பட்டுவிட்டது யார்? நீங்கள். நாய் கற்றுக்கொண்டது நீங்கள் இருக்கும்போது செருப்பைத் தொடக்கூடாது என்பதை மட்டும். நீங்கள் அலுவலகம் போனதும் செருப்பு, சோபா, மிக்ஸி ஒயர் எல்லாம் அதன் ராஜ்ஜியம்.

சாயங்காலம் வீடு திரும்புகிறீர்கள். ஹாலில் சிறுநீர், கிழிந்த தலையணை. நாய் தலையைத் தொங்கப்போட்டு, கண்ணைத் தாழ்த்தி, மூலையில் ஒண்டுகிறது. "பாரு, தப்புப் பண்ணிட்டோம்னு அதுக்கே தெரியுது" என்று சொல்லிக்கொண்டே அடி விழுகிறது. நாய் வளர்ப்பில் இதைவிடப் பெரிய மூடநம்பிக்கை இல்லை. நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். 14 நாய்கள். தின்பண்டம் ஒன்றைக் காட்டி, தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். உள்ளே சில தடவை நாய் தின்னும். சில தடவை தின்பண்டத்தை ஆய்வாளரே எடுத்துவிடுவார். திரும்பி வருகிறவரிடம் சில சமயம் உண்மையும் சில சமயம் பொய்யும் சொல்லப்படும். தின்றுவிட்டது என்று நம்பியவர் திட்டினார். அந்தக் குற்றவாளி முகம் தின்ற நாய்க்கும் தின்னாத நாய்க்கும் ஒரே மாதிரி வந்தது. முகத்தை வரவழைத்தது குற்றம் அல்ல, திட்டு. சொல்லப்போனால், தின்னாமல் இருந்து அநியாயமாகத் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அந்த முகம் கூடுதலாகத் தெரிந்தது.

ஆகவே ஹாலில் ஒண்டும் உங்கள் நாய் காலையில் கிழித்த தலையணையை நினைத்து ஒண்டவில்லை. கதவு திறந்ததும் உங்கள் முகம் மாறியதை, தோள் விறைத்ததைப் பார்த்துவிட்டது. தண்டனையோ பரிசோ, செய்த வினாடியை ஒட்டி வந்தால்தான் நாய் இரண்டையும் முடிச்சுப் போடும். எட்டு மணி நேரம் கழித்து விழும் அடியிலிருந்து அது கற்கும் பாடம், இந்த மனிதர் வாசலில் நுழையும்போது ஜாக்கிரதை என்பது. பிறகு அந்தப் பயத்திலேயே வாசலில் சிறுநீர் விடும். அதற்கும் ஓர் அடி.

உறுமலுக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

விருந்துக்கு வந்த குழந்தை சோபா ஓரம் படுத்திருக்கும் நாயைக் கட்டிப்பிடிக்கிறது. பெரியவர்கள் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். நாய் முகத்தைத் திருப்புகிறது. உதட்டை நக்குகிறது. கொட்டாவி விடுகிறது. எழுந்து நகரப் பார்க்கிறது. குழந்தை வாலைப் பிடிக்கிறது. இத்தனை சொல்லியும் யாருக்கும் கேட்காததால் நாய் மெதுவாக உறுமுகிறது. உடனே வீட்டுக்காரர் பாய்ந்து வந்து நாய் முகத்தில் ஒன்று வைக்கிறார். "குழந்தைகிட்டயே உறுமுறியா?" நாய் பணிந்துவிட்டது. விருந்தாளிக்கு நிம்மதி. இப்படி நாலைந்து முறை நடந்தால் நாய் ஒன்றைத் தெளிவாகக் கற்றுக்கொள்ளும்: உறுமினால் அடி. குழந்தை மேல் இருந்த சங்கடம் அப்படியே இருக்கும். குழந்தை வந்தாலே அடி விழுகிறது என்பதால் இன்னும் கூடும். எச்சரிக்கை மட்டும் போய்விடும். பிறகு ஒருநாள் உறுமாமலே பல் பதியும். "ஒண்ணுமே பண்ணல சார், திடீர்னு கடிச்சிருச்சு" என்பார்கள். திடீரென்று எதுவும் நடக்கவில்லை. உறுமுகிற நாய் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கும் நாய். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது குழந்தையை விலக்குவது, நாய்க்கு ஒதுங்க இடம் கொடுப்பது. எதற்கு உறுமியது என்று யோசிப்பதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

அடி நாயைச் சாந்தமாக்குகிறதா என்று எண்ணிக்கையோடும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைக் கோளாறு என்று நாயைக் கூட்டிவந்தவர்களிடம், இதற்கு முன் என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்டு 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. அடித்தும் உதைத்தும் பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் பதிலுக்குச் சீறியிருக்கிறது. மல்லாக்கத் தள்ளியவர்களில் 31 சதவீதம் பேருக்கு அதே கதி. போர்ச்சுகலில் 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தமானது. தண்டனை முறையிலும் பரிசு முறையிலும் பழக்கும் ஏழு பள்ளிகளின் 92 நாய்களைப் பார்த்தார்கள். எச்சிலில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலை அளந்தார்கள். பிறகு ஒரு கிண்ண விளையாட்டு. அறையின் ஒரு பக்கம் வைக்கும் கிண்ணத்தில் எப்போதும் இறைச்சித் துண்டு இருக்கும்; மறுபக்கக் கிண்ணம் எப்போதும் காலி. நாய்க்கு இது பழகியதும் கிண்ணத்தை நடுவில் வைத்தார்கள். இதில் இருக்குமா, இருக்காதா? பரிசு முறையில் பழகிய நாய்கள் ஆசையாக ஓடின. தண்டனை அதிகம் வாங்கிய நாய்கள் தயங்கித் தயங்கிப் போயின. பயிற்சி மைதானத்தில் வாங்கிய அடி, சம்பந்தமே இல்லாத ஒரு கிண்ணத்தின் முன்னால் வந்து நிற்கிறது.

"எங்க தாத்தா அடிச்சுத்தான் வளர்த்தார், எந்த நாயும் கெட்டுப்போகல" என்று அடுத்து வரும். தாத்தா நாயை வளர்த்தாரா? நினைத்துப் பாருங்கள். அந்த நாய்க்குக் கழுத்தில் சங்கிலி இல்லை. விடிந்ததும் ஆட்டுக்குப் பின்னால் போனது, வயலில் எலி தோண்டியது, கண்மாயில் இறங்கிக் குளித்தது, பக்கத்துத் தெரு நாயோடு வம்பு வளர்த்தது, மத்தியானம் திண்ணையடியில் நீட்டிப் படுத்தது. பிறந்த நாளிலிருந்து ஆள், மாடு, வண்டி, மேளம், பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் பார்த்து வளர்ந்தது. பிடிக்காதது வந்தால் எழுந்து போக அதற்கு இடம் இருந்தது. எப்போதாவது ஒரு கல்லோ கம்போ விழுந்திருக்கும், உண்மைதான். அதன் நிதானம் கம்பிலிருந்து வரவில்லை, கம்பையும் மீறி வந்தது. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களைத்தான் பல வருஷமாக ஆராய்கிறது. எந்தப் பயிற்சியும் இல்லாத தெருநாய்கள், முன்பின் தெரியாத மனிதர் கைகாட்டும் பாத்திரத்தைப் புரிந்துகொண்டு போவதை அவர்கள் காட்டியிருக்கிறார்கள். பழக்கமில்லாதவர் மேல் நம்பிக்கை வைக்க, சாப்பாட்டைவிட நாலு தடவை தலையைத் தடவிக்கொடுப்பது கூடுதலாக உதவுகிறது என்பதும் அவர்கள் கண்டதுதான். மனிதனைப் படிக்கும் திறமையை நாய் பிறவியிலேயே கொண்டுவருகிறது. அதைக் கம்பால் அடித்து உள்ளே இறக்க வேண்டியதில்லை.

இப்போது அதே சாதி நாயை, அல்லது அதைவிடச் சுறுசுறுப்பான ஜெர்மன் ஷெப்பர்டை, இரண்டு படுக்கையறை வீட்டின் பால்கனியில் கட்டுகிறோம். வேறு சிலர் மொட்டை மாடியில். காலையில் பத்து நிமிஷம் கீழே, அதுவும் 'போறதுக்கு' மட்டும். இரண்டு மீட்டர் சங்கிலியில் நாள் முழுக்க நின்றால் நீங்களும் நானும்கூடப் போகிற வருகிறவனைப் பார்த்துக் குரைப்போம். கட்டிப்போட்டால்தான் காவலுக்கு ஆகும் என்கிறார்கள். கட்டிய நாய் எல்லாவற்றுக்கும் குரைக்கும்: பால்காரர், பூனை, காற்றில் ஆடும் புடவை. இவற்றில் திருடன் எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அமைதியான நாய் எப்படித்தான் உருவாகிறது என்று கேட்டால், பதில் சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமானது. அதனால்தான் யாரும் கேட்பதில்லை என்று சந்தேகிக்கிறேன். பிரம்பில் ஒரு நாடகம் இருக்கிறது, இதில் இல்லை.

முதலில் தூக்கம். குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூங்கும். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், பார்க்க வரும் அக்கம்பக்கம், வீடியோ கால் என்று அதைத் தூங்கவிடாமல் செய்துவிட்டு, இரவு எட்டு மணிக்குக் கணுக்காலைக் கடிக்கிறது என்று அடிக்கிறோம். அதற்குத் தேவை ஓர் இருட்டு மூலை. அடுத்தது மோப்பம். நடைக்குக் கூட்டிப்போனால் ஒவ்வொரு கம்பத்தையும் முகர நேரம் கொடுங்கள். இழுத்துக்கொண்டு ஓடுவதைப் போலவே, முகர்ந்து நடப்பதும் நாயைக் களைக்க வைக்கும்.

வாசல் மணியை எடுத்துக்கொள்வோம், எல்லா வீட்டிலும் நடப்பது. மணி அடிக்கிறது, நாய் குரைத்துக்கொண்டு கதவுக்குப் பறக்கிறது. அப்பா "ஏய்!" என்று கத்துகிறார். அம்மா "டைகர், வேணாம்டா" என்று குரல் கொடுக்கிறார். பையன் சிரிக்கிறான். பாட்டி "கட்டுங்கடா அதை" என்று அலறுகிறார். நாயின் காதில் இது குடும்பமே சேர்ந்து குரைப்பது. அது இன்னும் உற்சாகமாகிறது.

இதை மாற்றப் பழைய கால்மிதி ஒன்றும், வேகவைத்த கோழியைச் சுண்டுவிரல் நகமளவு கிள்ளிவைத்த கிண்ணமும் போதும். சைவ வீடாக இருந்தால் பனீர். மணியே அடிக்காத, யாரும் வராத நேரத்தில் ஆரம்பியுங்கள். மிதியின் மேல் கால் வைத்தால் ஒரு துண்டு. உட்கார்ந்தால் ஒன்று. படுத்தால் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல். துண்டை வாயில் கொடுக்காமல் முன்னங்கால்களுக்கு நடுவே தரையில் வையுங்கள். தலை தானாகக் கீழே இறங்கும். தலை இறங்கினால் உடம்பும் தளரும். குரலும் அப்படியே, தாலாட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும், "சூப்பர்டா கண்ணா!" என்று கூவினால் எழுந்து ஆடத்தான் செய்யும். ஐந்து நிமிஷம், பிறகு விட்டுவிடுங்கள். மிதி நல்ல இடம் என்று அதற்குப் பிடிபட்டதும், செல்போனில் பதிவுசெய்த மணிச் சத்தத்தைக் காதுக்குக் கேட்டும் கேட்காமலும் ஒலிக்கவிட்டு, துண்டு வையுங்கள். நாளுக்கு நாள் சத்தம் கூடட்டும். பிறகு வீட்டு ஆளே வெளியே போய் நிஜ மணியை அடிக்கலாம். கடைசியில்தான் கூரியர்காரர். நடுவில் எழுந்து ஓடினால் திட்ட வேண்டாம். நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு படி இறங்குங்கள். சில வாரத்தில் மணி அடித்ததும் நாய் மிதியைத் தேடிப் போகும். கதவுக்கு ஓடாதே என்று நாம் எவ்வளவு சொன்னாலும் அதற்குப் புரியாது. எங்கே போக வேண்டும் என்று காட்டினால் புரியும்.

மேலே தாவுவதும் இப்படித்தான். தாவினால் முட்டியால் இடி, காலை மிதி என்று பாடம் சொல்கிறார்கள். தாவும்போது நாம் பார்க்கிறோம், தொடுகிறோம், பேசுகிறோம். நாய் கேட்டதும் அதையே. முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடியில் குனிந்து கொஞ்சுங்கள். வீட்டில் ஐந்து பேரும் இதையே செய்ய வேண்டும். நான்கு பேர் செய்து ஐந்தாவது ஆள், "பரவாயில்ல, எனக்கு நாய்னா உசிரு" என்று தாவவிட்டுக் கொஞ்சினால் பழைய நிலைக்கு மேலே போய்விடும். எப்போதாவது கிடைக்கிற பரிசுக்குத்தான் எந்தப் பிராணியும் விடாமல் முயலும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களிடமும் எலிகளிடமும் காட்டி முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

இதைவிட எளியது ஒன்று இருக்கிறது, யாரும் செய்வதில்லை. நாய் சும்மா படுத்திருக்கும்போது போய் ஒரு துண்டு வைத்துவிட்டு வருவது. அமைதியாக இருக்கும் நாயை வீட்டில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "அப்பாடா, படுத்துட்டான்" என்று டிவி பார்க்கப் போய்விடுகிறோம். குரைத்தால், கடித்தால், கொட்டினால் எல்லாரும் ஓடிவருகிறோம். எந்த வேலைக்கு மவுசு என்பதை நாய் நம்மிடமிருந்தே கற்கிறது.

"அப்போ ட்ரீட்டுன்னு லஞ்சம் கொடுத்தே பழக்கணுமா?" என்பது வழக்கமான நக்கல். லஞ்சம் வேலைக்கு முன்னால் காட்டப்படுவது. துண்டைக் கையில் ஆட்டி ஆட்டி நாயைக் கெஞ்சுகிறவர் லஞ்சம்தான் கொடுக்கிறார், அது தப்பு. வேலை முடிந்ததும் வருவது கூலி. பழகிய பிறகு ஒவ்வொரு தடவையும் தர வேண்டியதும் இல்லை. இந்த நக்கல் செய்கிறவர்கள் போலீஸ் நாயை உதாரணம் காட்டுவதுதான் வேடிக்கை. மோப்ப நாய் வெடிமருந்தைத் தேடுவது வெடிமருந்து மேல் ஆசைப்பட்டு இல்லை. அந்த வாசனையைக் கண்டுபிடித்துக் காட்டினால் பந்தோ துணிச்சுருளோ கிடைக்கும், கையாளுகிறவர் இழுத்து விளையாடுவார். அந்த விளையாட்டுக்காக அது விமான நிலையம் முழுக்க முகரும். பயந்த நாய் மூக்கை வைத்து வேலை செய்யாது. 1960களில் ஹவாயில் டால்பின்களைப் பழக்கிய கேரன் ப்ரையருக்குப் பரிசைத் தவிர வேறு வழியே இருக்கவில்லை: டால்பினுக்குக் கழுத்துச் சங்கிலி மாட்ட முடியாது, கோபித்துக்கொண்டால் அது நீந்திப் போய்விடும். விசிலும் மீனும் மட்டும் வைத்துக்கொண்டு காற்றில் குட்டிக்கரணம் போட வைத்தார்கள். அந்த முறைதான் பிறகு, விசிலுக்குப் பதில் 'கிளிக்' என்று ஒலிக்கும் சிறு கருவியோடு, 'கிளிக்கர்' என்று நாய்க்கு வந்தது.

இதையெல்லாம் சொன்னால், இஷ்டத்துக்கு விடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஒரு சிறுமியைக் குதறின. உடனே எந்தெந்த இனத்தைத் தடை செய்யலாம் என்று ஒரு கூச்சல். அடித்து அடக்கத் தெரியாதவன் எல்லாம் ஏன் வளர்க்கிறான் என்று இன்னொரு கூச்சல். அவிழ்த்து விட்டிருந்த நாய்கள் அவை. கையில் ஒரு வாரும் வாயில் ஒரு மூடியும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. பிரம்பு அங்கே எதற்கும் உதவியிருக்காது. நாயைக் கட்டுக்குள் வைப்பது வளர்ப்பவர் கடமை. அதற்கு வார், கேட், கூண்டு, பூட்டிய கதவு என்று எவ்வளவோ இருக்கின்றன. வலி அந்தப் பட்டியலில் வர வேண்டியதில்லை. சாதுவாக இருந்த நாய் திடீரென்று சீறத் தொடங்கினாலும் முதலில் போக வேண்டியது கால்நடை மருத்துவரிடம். காதுக்குள் சீழ், இடுப்பு மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் என்று ஏதாவது இருக்கலாம். வலியில் இருக்கும் பிராணியை அடித்துத் திருத்தப் பார்ப்பது என்ன வகை வீரம்?

குட்டி வாங்கும் இடத்திலேயே பாதிக் காரியம் கெட்டுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை குட்டி பார்த்த மனிதர்கள், கேட்ட சத்தங்கள்தான் அதற்கு உலகம். அமெரிக்காவில் ஆய்வாளர்கள் ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965இல் வெளியிட்ட பெரிய ஆய்வு இதை நிறுவியது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று நம் நாட்டிலும் 2017இல் விதி வந்தது. ஆனாலும் முப்பது, முப்பத்தைந்து நாள் குட்டிகள் அட்டைப்பெட்டியில் கைமாறுகின்றன. தாயிடமும் கூடப்பிறந்ததுகளிடமும் கடியின் அளவைக் கற்கும் வாரங்கள் அவை. வாங்கி வந்த பிறகு, தடுப்பூசி முடியும்வரை வெளியே எடுக்காதீர்கள் என்று நாலு மாதம் வீட்டுக்குள் அடைக்கிறோம். பார்வோ வைரஸ் பயம் நியாயமானது, தரையில் விடக்கூடாது. இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடை வரைக்கும் போகலாமே. ஆட்டோ, கோலம் போடும் ஆச்சி, ஹெல்மெட் போட்ட ஆள், கோயில் மேளம் எல்லாவற்றையும் அங்கிருந்து பார்க்கட்டும். பெரியதானதும் ஹெல்மெட்டைப் பார்த்துக் குலைநடுங்குகிற நாய்க்குக் குட்டியில் அது கிடைத்திருக்காது.

சட்டத்திடம் முறையிடலாமா என்றால், 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நாயை எந்நேரமும் கட்டிவைத்து நடமாட விடாமல் இருப்பதைக் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50. ஒரு பிஸ்கட் பாக்கெட் விலை. வெளிநாட்டில் சட்டம் நகர்ந்திருக்கிறது. ஜெர்மனியில் 1910இல் கொன்ராட் மோஸ்ட் என்ற காவல் அதிகாரி எழுதிய பயிற்சி நூல்தான் கழுத்தில் மாட்டும் முள்வளையத்துக்கும் சவுக்குக்கும் வேதம் மாதிரி இருந்தது. அதே ஜெர்மனியில் 2022 முதல் பயிற்சியில் முள்வளையம் போடத் தடை. வேல்ஸ் 2010இலேயே மின்னதிர்ச்சிப் பட்டைகளைத் தடை செய்துவிட்டது. இங்கே இரண்டும் ஆன்லைனில் மறுநாளே வீட்டுக்கு வரும், அதுவும் 'டிரெயினிங் காலர்' என்ற மரியாதையான பெயரில்.

ஆகவே டிரெய்னரைத் தேடும்போது பெயர்ப்பலகையையும் அவர் நாயோடு எடுத்துக்கொண்ட படங்களையும் விட்டுவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். என் நாய் நீங்கள் சொன்னதைச் சரியாகச் செய்தால் அதற்கு என்ன கிடைக்கும்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? முதல் கேள்விக்குப் பதில் தெளிவாகவும், இரண்டாவதற்கு "ஒண்ணும் ஆகாது, திரும்பச் சொல்லிக் கொடுப்போம்" என்றும் வந்தால் நம்பலாம். "முப்பது நாள் எங்ககிட்ட விட்டுட்டுப் போங்க, பாக்க வராதீங்க, வேற நாயாத் திருப்பித் தர்றோம்" என்று சொன்னால் கட்டிய முன்பணம் போனாலும் பரவாயில்லை, நாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.